ஒரே ஒரு கட்டியைக் கொடுத்தேன், விடை வரவில்லை

ராத்திரி பதினொன்றரைக்குத் திரையில் வந்த விடை இதுதான்: என்ஏ, என்ஏ, என்ஏ, என்ஏ, என்ஏ. 'மதிப்பு இல்லை' என்று பொருள். மார்பகப் புற்றின் ஐந்து வகைக்கும் ஐந்து என்ஏ. அடியில் 'திட்ட விலக்கம் சுழியம்' என்று ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியின் எச்சரிக்கை. இரண்டு வாரம் கோப்புகளோடு மல்லுக்கட்டி, ஐம்பது மரபணுக்களையும் ஒருவழியாகச் சேர்த்து, முதல்முறையாக ஒரு கட்டியை எடுத்து 'இது எந்த வகை' என்று கேட்டேன். அதற்குக் கிடைத்த பதில் இது. எங்கேயோ எழுத்துப்பிழை என்று நினைத்து ஒரு மணி வரை தேடினேன். பிழை எழுத்தில் இல்லை, கேள்வியில் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள இன்னும் மூன்று வாரம் ஆனது.

நான் டாக்டர் இல்லை. வங்கிகளுக்கான மென்பொருளில் ஜாவா எழுதிப் பிழைப்பவன். பெரியம்மா மகள் அக்கா பேத்தாலஜிஸ்ட், திசுவைப் பார்த்து நோயைச் சொல்பவள். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, கரும்பு கடித்துக்கொண்டே அவள் சொன்ன பேச்சில்தான் இது தொடங்கியது.

"நாங்க நாலு சாயம் போட்டுத்தான்டா சொல்றோம். ஈஆர், பிஆர், ஹெர்2, கேஐ-67. ஐம்பது ஜீனை அளந்து அதே வகையச் சொல்ற டெஸ்ட் ஒண்ணு இருக்கு. உள்ள என்ன கணக்குதான் போடுறான்? நீ கம்ப்யூட்டர்காரன்தானே, ஒருதடவை பிரிச்சுப் பார்த்துச் சொல்லேன்."

ஈஆர், பிஆர் இரண்டும் எஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டரோன் ஹார்மோன்களுக்கான ஏற்பிகள். ஹெர்2 செல்லை வளரத் தூண்டும் ஏற்பிப் புரதம். கேஐ-67 செல் பிரிதலைக் காட்டும் புரதம். அக்கா கேட்ட அந்த ஐம்பது மரபணுக் கணக்கின் பெயர் பேம்50. 2009-இல் பார்க்கரும் அவரது குழுவினரும் வெளியிட்டது. வேர் அதற்கும் முன்னால், 2000-இல் பெரூ, சோர்லி முதலியோர் செய்த ஆய்வில் இருக்கிறது. அதில் ஒரு தந்திரம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 42 பேரிடமிருந்து 65 திசு மாதிரிகள், எட்டாயிரத்துச் சொச்சம் மரபணுக்கள். இத்தனை மரபணுக்களில் எதைப் பார்ப்பது? இருபது கட்டிகளை டாக்ஸோரூபிசின் என்ற புற்றுமருந்துக்கு முன்னும் பின்னும் என்று இருமுறை எடுத்திருந்தார்கள். ஒரே கட்டியின் இரண்டு மாதிரிகளுக்குள் அதிகம் மாறாமலும், வேறு வேறு ஆட்களின் கட்டிகளுக்கிடையே பெரிதாக மாறியும் இருக்கும் மரபணுக்களை மட்டும் வடித்தெடுத்தார்கள். மருந்தாலோ, ஊசி குத்திய இடத்தாலோ, அன்றைய லேப் நிலவரத்தாலோ ஆடுகிற மரபணுக்கள் தாமாகக் கழிந்துவிடும். கட்டியின் சொந்தக் குணம் மட்டும் நிற்கும். 496 மரபணுக்கள் மிஞ்சின. அவற்றை வைத்துக் கட்டிகளை அடுக்கியபோது அவை கும்பல் கும்பலாகப் பிரிந்தன. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தக் கும்பல்கள் லூமினல் ஏ, லூமினல் பி, ஹெர்2 செறிந்தது, பேசல், நார்மல் போன்றது என்று ஐந்தாகத் திரண்டன. பேம்50 அந்த நீண்ட பட்டியலை ஐம்பதாகச் சுருக்கியது.

கணக்கு எளிமையானது. ஒவ்வொரு வகைக்கும் ஐம்பது எண்கள் கொண்ட ஒரு சென்ட்ராய்டு, அதாவது அந்த வகையின் சராசரி முகம். நம் கட்டியின் ஐம்பது எண்களை எடுத்து, ஐந்து முகங்களோடும் ஸ்பியர்மேன் ஒட்டுறவு, அதாவது எண்களின் தரவரிசை எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். எதனோடு அதிகமோ அதுவே வகை. பள்ளிக்கூடப் புள்ளியியல்தான். 'இவ்வளவுதானா' என்று நினைத்து, ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

கோப்புகள்

அமெரிக்காவின் புற்றுமரபணு வரைபடத் திட்டமான டிசிஜிஏ-வின் மார்பகப் புற்றுத் தரவு யாருக்கும் இலவசம். நோயாளியின் பெயரோ அடையாளமோ இருக்காது, குறியீட்டு எண் மட்டும்தான். அந்தத் தரவை வைத்திருக்கும் ஜிடிசி தளத்திலிருந்து ஆர்என்ஏ எண்ணிக்கைக் கோப்புகளை இறக்கினேன். ஒவ்வொரு மரபணுவும் எவ்வளவு வேலை செய்கிறது என்பதன் அளவு அது. ஒரு மாதிரிக்கு ஒரு கோப்பு, மொத்தம் 1,200-க்கு மேல். ஒவ்வொன்றிலும் 60,660 மரபணு வரிசைகள். அவற்றுக்கு முன்னால் எந்த ஒரு மரபணுவின் கணக்கிலும் சேர்க்க முடியாத ஆர்என்ஏ துணுக்குகளின் எண்ணிக்கையைச் சொல்லும் நான்கு வரிகள். இந்த நான்கையும் மரபணுவாக எண்ணிக்கொண்டு ஒரு மாலை முழுக்க வீணடித்தேன். 'இந்த மரபணு மட்டும் ஏன் கோடிக்கணக்கில் இருக்கிறது' என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம். எல்லாக் கோப்பையும் சேர்த்த அட்டவணை ஒரு பிரதிக்கே கிட்டத்தட்ட 600 எம்பி. ஆர் மொழி ஒரு சின்ன மாற்றத்துக்கும் புதுப் பிரதி எடுக்கும் பழக்கம் உள்ளது. மூன்றாவது பிரதியில் லேப்டாப் உறைந்துபோய், மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகுதான் மண்டையில் உறைத்தது: எனக்கு வேண்டியது ஐம்பதே மரபணுக்கள். கோப்பைத் திறக்கும்போதே ஐம்பது வரிகளை மட்டும் உருவிக்கொண்டு மீதியைக் கைவிட்டால், முழு அட்டவணையும் அரை எம்பி-க்குள் அடங்கிவிடும். ஒரு கைப்பேசிப் படத்தைவிடச் சின்னது.

எந்தப் பத்தியை எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஒரே கோப்பில் இழைத்திசை (துணுக்கு எந்த டிஎன்ஏ இழையைச் சேர்ந்தது என்பது) பார்க்காத எண்ணிக்கை, பார்த்த எண்ணிக்கை இரண்டு, மரபணுவின் நீளத்துக்கும் மொத்தத் துணுக்குகளுக்கும் ஏற்பச் சரிசெய்த டிபிஎம், எஃப்பிகேஎம் என்று வரிசையாக இருக்கும். நான் எடுத்தது இழைத்திசை பார்க்காத டிபிஎம். அதோடு ஒன்று கூட்டி லாக்2.

அடுத்தது மாதிரிகளின் குறியீட்டு எண். அதன் முதல் 12 எழுத்துகள் ஆளைக் குறிக்கும். அதற்கடுத்த இரண்டு இலக்கம் திசுவைக் குறிக்கும். 01 என்றால் முதன்மைக் கட்டி, 06 என்றால் வேறிடத்துக்குப் பரவியது, 11 என்றால் கட்டிக்குப் பக்கத்திலிருந்து எடுத்த நல்ல திசு. நூற்றுக்கும் மேற்பட்ட 11-கள் இருக்கின்றன. அவற்றை நீக்காமல் விட்டால் 'நார்மல் போன்ற வகை' என்று ஒரு கூட்டம் அழகாகப் பிரிந்து வரும், நாமும் ஏதோ கண்டுபிடித்துவிட்டதாகப் பூரிப்போம். அது கட்டியே இல்லை. சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகளும் உண்டு. பின்னால் கணினி மாடலைப் பழக்கும்போது அவற்றைப் பிரித்துப் பயிற்சிக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று என்று போட்டுவிட்டால், தேர்வுக்கு முன்பே வினாத்தாளைக் கொடுத்த மாதிரி. ஆளின் 12 எழுத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

மருத்துவ விவரக் கோப்பில் தலைப்பு வரி மூன்று தடவை வரும். முதல் வரி போக மீதி இரண்டையும் தாண்டாவிட்டால், ஈஆர் நிலை என்ற பத்தியில் இரண்டு விநோத நோயாளிகள் கூடுதலாக உட்கார்ந்திருப்பார்கள்.

காணாமல் போன மூன்று

ஐம்பது மரபணுக்களைப் பெயர் சொல்லி அழைத்தேன். 47 தான் வந்தன. சிடிசிஏ1, கேஎன்டிசி2, ஓஆர்சி6எல் மூன்றையும் காணோம். தரவே கெட்டிருக்கிறதோ என்று ஒரு கோப்பை மறுபடி இறக்கிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், ஆள் அங்கேயேதான் இருக்கிறார், பெயரை மாற்றிக்கொண்டுவிட்டார். சிடிசிஏ1 இப்போது என்யூஎஃப்2. கேஎன்டிசி2 இப்போது என்டிசி80. ஓஆர்சி6எல் வாலை வெட்டிக்கொண்டு ஓஆர்சி6 ஆகிவிட்டது. பேம்50 பட்டியல் பழைய பெயரில் நிற்கிறது, ஜிடிசி கோப்புகள் புதுப்பெயரில் வருகின்றன. மூன்றும் செல் பிரிதலோடு தொடர்புள்ள மரபணுக்கள். அவற்றை விட்டுவிட்டாலும் நிரல் ஒரு வார்த்தை முனகாது. 47-ஐ வைத்து விடை சொல்லிவிடும். ஆனால் லூமினல் ஏ-வையும் பி-யையும் பிரிப்பதே பெரும்பாலும் செல் பிரிதலின் வேகம்தான். அந்தப் பக்கத்திலேயே மூன்று குறைவது நல்லதல்ல. அன்றிலிருந்து எண்ணிக்கை 50 இல்லையென்றால் நிரல் நின்றுவிடும்படி ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

மரபணுப் பெயர் என்றாலே இப்படி வம்புதான். எக்செல் 'மார்ச்1' என்ற மரபணுவை மார்ச் ஒன்றாம் தேதி ஆக்கிவிடும், 'செப்ட்1' செப்டம்பர் ஆகிவிடும். 2016-இல் எண்ணிப் பார்த்தவர்கள், எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்து வெளியான ஆய்வுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தக் கோளாறு இருந்ததாகச் சொன்னார்கள். கடைசியில் மென்பொருள் மசியவில்லை, 2020-இல் மரபணுக்களுக்குத்தான் பெயர் மாற்றினார்கள்: மார்ச்எஃப்1, செப்டின்1. நல்லவேளை, என் ஐம்பதில் தேதியாகக்கூடியவர் யாரும் இல்லை.

முள் எங்கே நிற்கிறது

இப்போது அந்த என்ஏ ராத்திரிக்கு வருகிறேன்.

கட்டியின் எண்களை அப்படியே சென்ட்ராய்டோடு ஒப்பிடக் கூடாது. இயல்பிலேயே சில மரபணுக்கள் நிறையச் சத்தம் போடுபவை, சில முணுமுணுப்பவை. அந்த வேறுபாடு எல்லாக் கட்டியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அதைக் கழிக்காமல் ஒப்பிட்டால் கட்டிக்கும் கட்டிக்கும் உள்ள வித்தியாசம் அமுங்கிப்போகும். நான் செய்து பார்த்தபோது பெரும்பாலானவை லூமினல் பக்கமே சாய்ந்தன. ஆகவே ஒவ்வொரு மரபணுவுக்கும், கையில் உள்ள எல்லா மாதிரிகளின் இடைநிலை மதிப்பை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணைக் கண்டு, அதைக் கழித்துவிட வேண்டும். கழித்த பிறகு மிஞ்சுவது 'இந்தக் கட்டியில் இந்த மரபணு மற்றவர்களைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு' என்ற எண்.

நான் கொடுத்தது ஒரே ஒரு கட்டி. ஒன்றின் இடைநிலை அதுவேதான். தன்னிடமிருந்து தன்னையே கழித்தால் ஐம்பதும் சுழியம். ஐம்பது சுழியங்களுக்கு எந்த முகத்தோடும் ஒட்டுறவு கிடையாது. என்ஏ. ஆர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

சரி, எல்லாக் கட்டியையும் மொத்தமாகக் கொடுத்தேன். விடை வந்தது, ஏற்கெனவே வெளியான வகைப் பட்டியலோடு ஒப்பிட்டபோது பெரும்பாலும் ஒத்துப்போனது. அத்தோடு நிறுத்தியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். ஆனால் என்ஏ உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு கட்டியின் வகை பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்ததா? அப்படியென்றால் பக்கத்து ஆட்களை மாற்றினால் என்ன ஆகும்?

வேண்டுமென்றே உடைத்துப் பார்த்தேன். ஈஆர் நெகட்டிவ் கட்டிகளை மட்டும் தனியாகப் பிரித்தேன். இருநூற்றுச் சொச்சம் இருந்தன. அவற்றுக்குள்ளேயே இடைநிலை கண்டு, கழித்து, வகை கேட்டேன். முதல் ஓட்டத்தில் இவற்றில் மிகப் பெரும்பாலானவை பேசல், மிச்சத்தில் நிறைய ஹெர்2. இப்போதோ கணிசமானவை லூமினல் ஏ, லூமினல் பி என்று வந்து நிற்கின்றன! எஸ்ட்ரோஜன் ஏற்பியே இல்லாத கட்டிகள், அந்த ஏற்பியால் வளரும் வகையின் பெயரைச் சூடிக்கொண்டன. ஒரு எண்கூட மாறவில்லை. அதே கோப்பு, அதே ஐம்பது மரபணு, அதே சென்ட்ராய்டு. கழித்த எண் மட்டும் வேறு.

காரணம் எளிது. ஈஆர் நெகட்டிவ் கூட்டத்தில், எஸ்ட்ரோஜன் ஏற்பிக்கான மரபணுவான இஎஸ்ஆர்1 எல்லோருக்கும் அடிமட்டம். அதற்குள்ளும் ஓர் இடைநிலை உண்டு. அதற்குச் சற்று மேலே இருப்பவர்கள் அந்தக் கூட்டத்தில் 'இஎஸ்ஆர்1 அதிகம்' என்று கணக்காகிவிடுகிறார்கள். தராசின் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்க்காமல் காய்கறி நிறுத்த கதை.

அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்போ எங்க லேப் கேஸை மட்டும் சேர்த்து ஓட்டினா?"

"அதான் அக்கா சிக்கல்."

"எங்ககிட்ட டிரிப்பிள் நெகட்டிவ் எவ்வளவு வருது தெரியுமாடா? அமெரிக்காக்காரன் கணக்கு எங்களுக்கு ஒத்தே வராது."

அவள் சொன்னது சரி. இந்தியாவில் மூன்று ஏற்பியும் இல்லாத மார்பகப் புற்றின் விகிதம் மேற்கு நாடுகளைவிட அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படிப்பட்ட நூறு கட்டிகளை எடுத்து, யோசிக்காமல் இடைநிலையைக் கழித்தால், நடு இடம் நகர்ந்துவிடும். எல்லைப்பக்கம் உள்ளவர்கள் அடுத்த வீட்டில் போய் உட்காருவார்கள். இதை நான்தான் முதலில் கண்டேன் என்று ஒரு நாள் முழுக்க மிதப்பில் இருந்தேன். தேடிப் பார்த்தால் 2007-இலேயே லூசாவும் கூட்டாளிகளும் இதே சோதனையைச் செய்து எச்சரித்திருக்கிறார்கள். மிதப்பு இறங்கியது.

பழுதுபார்த்த விதம் இப்படி. இடைநிலையைக் கணக்கிட எல்லோரையும் எடுக்கக் கூடாது. ஈஆர் நெகட்டிவ் அத்தனை பேரையும் எடு. ஈஆர் பாசிட்டிவில் அதே எண்ணிக்கையில் குலுக்கல் முறையில் ஆட்களை எடு. இந்தச் சமநிலைக் கூட்டத்தில் மட்டும் ஒவ்வொரு மரபணுவின் இடைநிலையைக் காண். பிறகு அதை எல்லோரிடமிருந்தும் கழி. நான் குலுக்கலை நூறு தடவை மாற்றி மாற்றிப் போட்டேன். பேசல் கட்டிகள் அசையவே இல்லை. லூமினல் ஏ-பி எல்லையில் ஒரு கூட்டம் மட்டும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தின் குறியீட்டு எண்களைத் தனிக் கோப்பில் எழுதி வைத்தேன். எனக்கு இந்த வேலையில் கிடைத்த உருப்படியான பொருள் அந்தக் கோப்புதான் என்று இப்போது தோன்றுகிறது.

நடுவில் ஒரு தற்பெருமைப் படலம்

கணினிக்காரன் கை சும்மா இருக்குமா. விடை தெரிந்த தரவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற மாடல் ஒன்றைப் பயிற்றுவித்தேன். சோதனைத் தொகுதியில் அசத்தலான மதிப்பெண். படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

"எதை வச்சுப் பழக்கினே?"

"பேம்50 வகைப் பட்டியலை வச்சு."

"ஜீன் எது?"

"அதே ஐம்பது."

"விடையிலேருந்து கேள்வி எடுத்து, அதே விடையச் சொல்லிட்டான்னு மெச்சிக்கிறியா? நல்லா இருக்குடா!"

மூக்கு உடைந்தது. அந்தப் பட்டியலே அந்த ஐம்பது மரபணுவிலிருந்து பிறந்தது. என் மாடல் ஒரு சூத்திரத்தைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறது, அவ்வளவே. போதாக்குறைக்கு இந்தத் தரவில் லூமினல் ஏ பாதி அளவுக்கு இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'லூமினல் ஏ' என்று சொன்னாலே பாதி மதிப்பெண் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு மொத்த மதிப்பெண் பார்ப்பதை விட்டு, வகைவாரியாக எத்தனை தப்பு என்ற அட்டவணை மட்டும் பார்த்தேன்.

கோபத்தில் ஒரு விஷமம் செய்தேன். பேம்50-ஐ விட்டுவிட்டு, கண்ணை மூடி ஏதோ ஐம்பது மரபணுக்களைப் பொறுக்கி மாடலைப் பழக்கினேன். பேசல் வகையை அதுவும் கிட்டத்தட்டச் சரியாகப் பிரித்தது! பேசல் கட்டி அந்த அளவுக்கு வேறு ஜென்மம். ஆயிரக்கணக்கான மரபணுக்களில் அதன் கைரேகை கிடக்கிறது, எங்கே தொட்டாலும் தெரியும். தடுமாறியது லூமினல் ஏ-பி இடையில்தான். இதற்கு ஒரு பிரபலமான அண்ணன் உண்டு. 2011-இல் வெனே முதலியோர், மார்பகப் புற்றில் யார் எத்தனை நாள் பிழைப்பார் என்று கணிப்பதாகச் சொன்ன 47 மரபணுப் பட்டியல்களை எடுத்து, அதே நீளமுள்ள தற்செயல் பட்டியல்களோடு மோதவிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவை தற்செயலைவிடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை. சாப்பாட்டுக்குப் பின் சிரித்தால் ரத்தச் செல்லில் மாறும் மரபணுக்களின் பட்டியல்கூடப் புற்றின் போக்கோடு தொடர்பு காட்டியது. செல் பிரிதல் வேகம் அத்தனை மரபணுக்களையும் தொட்டு இழுப்பதுதான் காரணம். இதைப் படித்த பிறகு அழகான வரைபடம் எதைப் பார்த்தாலும் முதலில் தற்செயல் பட்டியலோடு ஒருதடவை ஓட்டிவிடுகிறேன்.

ஹெர்2 பற்றி ஒரு சின்ன வாக்குவாதமும் நடந்தது. மருத்துவக் கோப்பில் ஹெர்2 பாசிட்டிவ் என்று இருந்த பல கட்டிகளை என் கணக்கு லூமினல் பி என்றது. "அப்போ உன் கணக்குத் தப்பு" என்றாள் அக்கா. உட்கார்ந்து, எண்களை நிறங்களாகக் காட்டும் வெப்பவரைபடம் போட்டோம். அந்தக் கட்டிகளில் ஹெர்2 புரதத்துக்கான மரபணுவான இஆர்பிபி2-வும், 17-ஆம் குரோமோசோமில் அதற்கு அண்டை வீடான ஜிஆர்பி7-உம் பளபளவென்று ஏறியிருந்தன. அந்தத் துண்டு முழுவதும் பல பிரதிகளாகப் பெருகும்போது இரண்டும் சேர்ந்தே ஏறும். ஆனால் கூடவே இஎஸ்ஆர்1, ஃபாக்ஸ்ஏ1 என்று லூமினல் வீட்டு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. ஐம்பதில் இரண்டு பேர் கத்தினால் மற்ற நாற்பத்தெட்டு பேரின் ஓட்டு மாறிவிடாது, அதுவும் ஸ்பியர்மேன் தரவரிசையை மட்டுமே பார்ப்பது. 2012-இல் வந்த டிசிஜிஏ கட்டுரையிலும் மருத்துவரீதியாக ஹெர்2 பாசிட்டிவான கட்டிகளில் சுமார் பாதிதான் இந்த ஹெர்2 வகையில் விழுந்தது. அக்காவின் சாயம் கேட்பது 'இந்தப் புரதம் நிறைய இருக்கிறதா' என்ற கேள்வி. ஐம்பது மரபணு கேட்பது 'இந்தக் கட்டி யாருடைய சாயலில் இருக்கிறது' என்பது. இரண்டுக்கும் பெயர் மட்டும் ஒன்றாக வைத்துவிட்டார்கள். "பேரு வைக்கும்போது எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள்.

வேறு ஊர்த் தரவு

ஒரே தரவில் சரியாக வந்தால் போதாது. ஸ்வீடனின் ஸ்கேன்-பி திட்டம், லுண்ட் பக்கத்தில் தொடங்கியது, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிகளின் ஆர்என்ஏ அளவுகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. மரபணுத் தரவுகளின் பொதுக் கிடங்கான ஜியோ தளத்தில் அதன் எண் ஜிஎஸ்இ96058. டிசிஜிஏ-வில் கண்ட சமநிலை இடைநிலைகளை ஒரு கோப்பில் உறையவைத்து, அதையே ஸ்வீடன் கட்டிகளிலிருந்து கழித்தேன். இனி யாரும் பக்கத்தில் இல்லாமலே ஒரு கட்டியை வகைப்படுத்தலாம் என்று கனவு.

கனவு பலிக்கவில்லை. வகைகள் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தன. அங்கே அளவு எஃப்பிகேஎம், இங்கே டிபிஎம். ஆர்என்ஏ துணுக்குகளைப் பொருத்திய மென்பொருள் வேறு, லாக் எடுக்குமுன் கூட்டிய சின்ன எண்கூட வேறு. ஒரு கடைப் படிக்கல்லை எடுத்துப்போய் இன்னொரு கடைத் தராசில் வைத்திருக்கிறேன்.

மறுபடி பழைய வைத்தியமே: ஸ்வீடன் தரவுக்குள்ளேயே ஈஆர் சமநிலைக் கூட்டம். அங்கே ஈஆர் பாசிட்டிவ் மிகப் பெரும்பான்மை. எனவே சமநிலை பார்க்காமல் மொத்த இடைநிலையைக் கழித்தபோது முள் லூமினல் கூட்டத்தின் நடுவிலேயே போய் நின்றது. லூமினல் பி காரணமில்லாமல் வீங்கியது. சமநிலைக்குப் பின் வீக்கம் வடிந்து, அவர்கள் வெளியிட்ட வகைகளோடு பெருமளவு ஒத்துவந்தது.

இந்தச் சிக்கலை வணிகச் சோதனைக்காரர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. பேம்50-ஐ அடிப்படையாகக் கொண்ட புரொசிக்னா என்ற சோதனைக்கு 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ-வின் அனுமதி கிடைத்தது. அதில் ஒவ்வொரு ஓட்டத்திலும் நோயாளியின் ஆர்என்ஏ-வோடு, அளவு தெரிந்த ஒரு குறிப்பு ஆர்என்ஏ கலவையையும் சேர்த்தே ஓட்டுகிறார்கள். அதாவது படிக்கல்லையும் பெட்டிக்குள்ளேயே போட்டு அனுப்புகிறார்கள். நார்மல் போன்ற வகையை அவர்கள் அறிக்கையில் தருவதே இல்லை. அதில் விழுபவற்றில் பல, கட்டிச் செல் குறைந்து நல்ல திசு அதிகம் கலந்த மாதிரிகளாக இருக்க வாய்ப்பு என்று கருதப்படுகிறது.

இன்னொரு வழி எனக்கு இதைவிடப் பிடித்தது. 2015-இல் வந்த எய்ம்ஸ் என்ற முறை. டில்லி மருத்துவமனை இல்லை, பெயர் மட்டும் அப்படி. பக்கத்துக் கட்டி யாரையும் அது கேட்காது. ஒரே கட்டிக்குள் 'இந்த மரபணு அந்த மரபணுவைவிடக் குறைவா?' என்று நூறு கேள்விகள். ஆம், இல்லை என்ற விடைகளை வைத்து வகை. முள்ளே இல்லாத தராசு, இரண்டு தட்டு மட்டும். இதையும் முதலில் சொதப்பினேன். பழக்கதோஷத்தில் இடைநிலை கழித்த எண்களைக் கொடுத்துவிட்டேன். கழித்துவிட்டால் ஒரே கட்டிக்குள் எந்த மரபணு பெரிது எது சின்னது என்ற ஒழுங்கே குலைந்துவிடுமே! விடைகள் கன்னாபின்னா. கழிக்காத எண்களைக் கொடுத்ததும் ஒழுங்காக வந்தது. ஆனாலும் இந்த நூறு கேள்விகளைப் பழக்கியதே பேம்50 வகைப் பட்டியலை வைத்துத்தான். அக்கா கேட்ட கேள்வி இங்கேயும் கதவுக்குப் பின்னால் நிற்கிறது.

கடைசியாக, முதல் நாள் ராத்திரி என்ஏ என்று சொன்ன அதே கட்டி. குறியீட்டு எண்ணை ஒட்டுத்தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்திருந்தேன். அது டிசிஜிஏ கட்டிதான் என்பதால் அதே தரவில் உறையவைத்த இடைநிலைகளைத் தைரியமாகக் கழிக்கலாம். கழித்தேன். ஐந்து எண்கள் வந்தன. லூமினல் பி முதலிடம். லூமினல் ஏ அதன் பின்னாலேயே, இரண்டாம் தசமத்தில்தான் வித்தியாசம். எய்ம்ஸ் அதையே லூமினல் ஏ என்றது. ஆடிக்கொண்டே இருந்தவர்களின் கோப்பைத் திறந்து தேடினேன். அந்த எண் அங்கே இருந்தது.

அக்காவுக்கு அனுப்பினேன். "லூமினல் பி" என்று மட்டும்தான் எழுதினேன்.

"ரெண்டாவது யாரு, எவ்வளவு தள்ளி?" என்று கேட்டாள்.

நிரலின் விடைப்பட்டியலில் இன்னும் இரண்டு பத்திகள் சேர்த்தேன்: இரண்டாமிடம், இடைவெளி. நூறு குலுக்கலில் எத்தனை தடவை அதே வகை வந்தது என்பதற்கு மூன்றாவது பத்தி ஒன்றும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அது ஓடி முடிக்க என் லேப்டாப்புக்கு இன்னும் இருபது நிமிஷம் வேண்டும்.